குழந்தை அறைக்கு மஞ்சள்

என் வீட்டுக்காரர் பாஸ்கருக்குக் கும்மிடிப்பூண்டி பெயிண்ட் கம்பெனியில் நிறம் கலக்கிற வேலை. அங்கே சுவரும் சாம்பல், போடுகிற சட்டையும் சாம்பல். பக்கத்தில் வேறு நிறம் இருந்தால் கண் ஏமாந்துவிடுமாம். அந்தப் பைத்தியத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் மனுஷன்.

நான் நிறைமாதம். பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று ஒதுக்கிய சின்ன அறைக்கு மஞ்சள் அடிக்கச் சொன்னேன்.

“மஞ்ச வேணாம் அஸ்வினி, கண்ண உறுத்தும். மஞ்ச ரூம்ல கொழந்த ஜாஸ்தி அழும்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க. பச்சன்னா மனசு அடங்கும்.”

“கொழந்தன்னா அழத்தான்யா செய்யும். அதுக்கு உன் பெயிண்ட் இன்னா பண்ணும்?”

“பொறக்கறதுக்கு முன்னாடி தொட்டில்கூட வாங்கக் கூடாதுடா” என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். “பெயிண்ட் இன்னா தொட்டிலாம்மா?” என்று சிரித்துவிட்டு, மஞ்சளில் கொஞ்சம் நீலம் விட்டு, தன் இஷ்டத்துக்கு இளம்பச்சை அடித்தார். எட்டிப் பார்த்த என்னையும் விரட்டினார்.

“அந்தாண்ட போ. உன் செவப்பு நைட்டி பக்கத்துல இருந்தா பச்ச தூக்கலா தெரியுது.”

“ஆஸ்பத்திரி செவுராட்டம் கீது” என்று சொல்லிவிட்டு வந்தவள்தான், அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

வலி எடுத்துப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாமியாரைத் துணைக்கு வைத்துவிட்டு, “தோ வந்துடறேன்” என்று இவர் எங்கேயோ ஓடினார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

பெண் குழந்தை. அப்படியே அவர் மூக்கு. உதடு மட்டும் நீலம். நர்ஸ் முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலில் சுண்டினாள். அந்த ஒரு சத்தத்துக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கூப்பிடாத சாமி இல்லை. சத்தம் வரவேயில்லை.

வெறுங்கையோடு வீடு வந்தேன். சின்ன அறையின் கதவு சாத்தியிருந்தது. “உள்ள போவாத அஸ்வினி” என்று அவர் குறுக்கே நின்றார். தள்ளிவிட்டுத் திறந்தேன்.

நாலு சுவரும் மஞ்சள். நான் பிள்ளையோடு வந்து பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று, நான் வலியில் கிடந்த நேரத்தில் ஓடிவந்து அடித்திருக்கிறார். அதை மறைக்க மூலையில் பச்சை டப்பாவும் ரோலரும் தயாராக இருந்தன.

“நீ பாத்தா தாங்க மாட்டன்னுதான்… தோ, இப்பவே மாத்திடறேன்.”

ரோலரைப் பிடுங்கி வீசினேன். அவருடைய சாம்பல் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினேன்.

“மஞ்ச ரூம்ல கொழந்த ஜாஸ்தி அழும்னியேய்யா. எங்கய்யா? ஒரே ஒரு தபா அழச் சொல்லுய்யா!”