அறுபத்து நாலு அடி

1981 வைகாசி வெயிலில் ராதாமணி கீழக்குயில்குடியில் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். வில்லாபுரத்து சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண், சமூகவியலில் எம்.பில். படித்துக்கொண்டிருந்தாள். ஊரில் போன வருஷம் போட்ட இரண்டு அடிபம்புகளால் பெண்களுக்கு எவ்வளவு திருப்தி என்று அளப்பதுதான் அவளுடைய ஆய்வு. பையில் அறுபது படிவங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து கட்டங்கள்: 'மிகுந்த திருப்தி'யில் தொடங்கி 'மிகுந்த அதிருப்தி'யில் முடியும். நடுவில் 'சுமார்'.

முதல் வீட்டில் அன்னக்கொடி முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். ஐந்தையும் வாசித்துக் காட்டினதும், "ஏதோ தண்ணி வருது டீச்சர். இருக்கட்டும்" என்றாள்.

அது சுமார். அடுத்த வீட்டிலும் சுமார். மத்தியானத்துக்குள் பதினாலு சுமார் சேர்ந்துவிட்டது.

மறுநாள் கேள்வியை மாற்றினாள். பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டாள். எல்லாரும் பத்து போட்டார்கள். மாயக்காள் என்ற பெண் மட்டும், "பன்னெண்டா எழுதிக்க தாயி" என்றாள்.

"பத்துக்குத்தான் அக்கா மார்க்."

"அப்பப் பத்து. கொறச்சுச் சொல்லி, வந்து கழட்டிட்டுப் போயிட்டாகன்னா?"

ராதாமணிக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். ஆறு வாரத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். தொண்டை வறண்டுபோய் மேலத்தெருப் பம்புக்கு நடந்தாள். கைப்பிடியை அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். காற்றுதான் வந்தது.

பின்னாலேயே குடத்தோடு வந்த அன்னக்கொடி அவளைப் பார்த்துச் சிரித்தாள். "இப்ப முப்பதுதான் ஆச்சு. அறுபத்து நாலு அடிச்சாத்தேன் தண்ணி ஏறும். விடுங்க, நான் அடிக்கேன்."

"எண்ணியா வச்சிருக்கீங்க?"

"தெனம் அடிக்கிற கைக்குத் தெரியாதா? கெழக்குத்தெருப் பம்புக்கு இருவத்திரெண்டு அடி போதும்."

ராதாமணி தண்ணீரைக் குடித்துவிட்டு, அங்கேயே ஈரக்கையோடு படிவத்தைத் திருப்பி வைத்து எழுதத் தொடங்கினாள். எத்தனை அடி, வீட்டிலிருந்து எத்தனை எட்டு, ஒரு நாளைக்கு எத்தனை குடம். குடத்தோடு வந்து வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தியும் இந்தக் கேள்விகளுக்குச் 'சுமார்' சொல்லவில்லை. "என் வீட்டுலருந்து நூத்திப்பத்து எட்டு", "போடி, நூத்தி முப்பது வரும்" என்று சண்டை போட்டு, நடந்து காட்டி நிரூபித்தார்கள்.

கடைசியாக, "ரெண்டு பம்புல எதுக்கு முதல்ல போவீங்க?" என்று கேட்டாள். இருபத்திரெண்டு அடிப் பம்புக்குத்தான் என்று நினைத்திருந்தாள். பத்தில் ஒன்பது பேர் மேலத்தெரு என்றார்கள்.

"அதுக்கு மூணு மடங்கு அடிக்கணுமே?"

எல்லாரும் வரிசையில் நின்ற மாயக்காளைப் பார்த்தார்கள். மாயக்காளே உடைத்துச் சொன்னாள்: "ஏன்டி என்னையப் பாக்குறீக? கெழக்குத்தெருப் பம்படியில எந்நேரமும் சீட்டாட்டம் தாயி. அந்தக் கூட்டத்துக்குத் தலைவரே என் வீட்டுக்காரரு விருமாண்டிதேன். நானே அந்தப் பக்கம் போறதில்ல!"

வரிசை முழுவதும் சிரித்தது. மாயக்காளும் சிரித்தாள்.

பல்கலைக்கழகத்தில் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் பாலசுந்தரம் படிவங்களைப் புரட்டிவிட்டு முகம் சுளித்தார். "மார்க் எல்லாத்தையும் கூட்டிச் சராசரி போட்டா முடிஞ்சது. இது என்னம்மா, அடிக்கணக்கு?"

"சார், எல்லாரும் பத்துதான் போட்டிருக்காங்க. எட்டும் நாலும்னு போட்டிருந்தாக்கூட, எட்டு போட்டவங்களுக்கு நாலு போட்டவங்களவிட ரெண்டு மடங்கு சந்தோஷம்னு சொல்ல முடியுமா? அறுபது அடின்னா முப்பதைப்போல ரெண்டு மடங்கு உழைப்பு. அதை மட்டுந்தான் கூட்டலாம், வகுக்கலாம். எது முதல்ல, எது ரெண்டாவதுன்னு சொன்னதை வரிசையாத்தான் வைக்கணும். ரெண்டும் வேற வேற அளவுகோல் சார்."

"நீங்க தேர்வாளர்கிட்ட இதைச் சொல்லிச் சமாளிப்பீங்களா?"

"சமாளிப்பேன்."

அவர் படிவங்களை மறுபடி கையில் எடுத்தார். பிறகு மார்க் போட்ட பக்கத்தைத் தானே கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "எழுதுங்க. அந்தச் சீட்டாட்டத்தையும் விட்டுடாதீங்க."

இதற்குள் ஊரில் வேறொன்று நடந்துவிட்டது. அன்னக்கொடியும் மாயக்காளும் ஏழெட்டுப் பெண்களோடு பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போயிருந்தார்கள். பம்பு சரியில்லை என்று அதுவரை யார் யாரோ எத்தனையோ முறை சொல்லியும் நடக்காதது, "அந்தப் பம்புக்கு இருவத்திரெண்டு, இந்தப் பம்புக்கு அறுவத்து நாலு. நீங்களே வந்து அடிச்சு எண்ணுங்க" என்று சொன்னதும் நடந்தது. மெக்கானிக் வந்து, மேலத்தெருப் பம்பில் தேய்ந்துபோன தோல் வாசரை மாற்றினார். ஒன்பதாவது அடியில் தண்ணீர் கொட்டியது.

ஆடி மாதம் ஆய்வேடு ஏற்கப்பட்டது. அடுத்த ஞாயிறு ராதாமணி ஒரு பெட்டி இனிப்போடு கீழக்குயில்குடிக்குப் போனாள். கிழக்குத்தெருப் பம்படியில் சீட்டுக்கூட்டத்தைக் காணோம். அந்த இடத்தில் அழுக்குத்துணி மூட்டையைப் பிரித்து, கல்லைப் போட்டு, மாயக்காள் அட்டகாசமாகத் துவைத்துக்கொண்டிருந்தாள். விருமாண்டி பம்பு அடித்துக்கொண்டிருந்தார்.

"வா தாயி! பாஸாயிட்டியா? நான் இங்கன துவைக்க ஆரம்பிச்சதுமே சீட்டுக்கூட்டம் ஓடிப்போச்சு!" என்று மாயக்காள் சோப்புக் கையோடு எழுந்து வந்தாள்.