இந்த ஜன்னல் எங்கே?

டம்மிப் படம் என்றால் டம்மிப் படம்தான். பத்திரிகை அட்டை எப்படி வரும் என்று முதலாளிக்குக் காட்டுவதற்காக, கையில் கிடைத்த ஏதோ ஒன்றை இடம் நிரப்பப் போடுவது. அவர் தலையாட்டிய பிறகு ஆள் வைத்து, விளக்கு வைத்து முறையாக வேறு படம் எடுப்பார்கள். பதினாறு வருடம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவளுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். முதலாளிமார்களுக்கு எப்போதும் டம்மிதான் பிடித்துப்போகும்.

படத்தில் இருந்தது அவள் வீட்டுச் சமையலறை ஜன்னல். பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு இடது கை டீ கிளாஸைப் பிடித்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே, தெருவின் எதிர்ப்பக்கம், ஏழு என்று பெரிதாக எழுதிய தண்ணீர்த் தொட்டி. முகம் கிடையாது. முகம் இல்லையே என்ற தைரியத்தில்தான் எடுத்தாள்.

கை அக்காவுடையது. சுண்டுவிரல் நடுக்கணுவில் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும். பிறவியில் வந்ததல்ல. அத்தான் கதவிடுக்கில் வைத்து ஒடித்தது. எட்டு மாதத்துக்கு முன் ஒரே ஒரு பையோடு வந்து மாடியேறிய அக்கா, அதன் பிறகு தெருவில் கால் வைக்கவில்லை. அத்தான் பக்கத்து ஊர்களில் தேடிக்கொண்டிருந்தார். தங்கை வேலை மாறி, வீடு மாறி எங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. அக்காவின் உயிர் அந்த ஒரு விஷயத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இதழுக்கு இருபத்தைந்து வயது. வீடு, சமையல், உடை, சுற்றுலா என்று நாலு மாவட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டி. பெயர், எழுத்து, அட்டை எல்லாவற்றையும் புதிதாக்கும் பொறுப்பை முதலாளி ஆர்ட் டைரக்டரான அவளிடம் கொடுத்திருந்தார். ‘இங்கேதான்’ என்று புதுப் பெயர் வைத்தாள். நம் வீடுகள், நம் ஆட்கள், மாடல்கள் கிடையாது. பத்துப் பக்கக் கையேடு எழுதினாள். முதல் விதி: படத்தில் எதையும் திருத்தக் கூடாது.

முதலாளி டம்மி அட்டையைக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார்.

“இதான் அட்டை. முடிஞ்சுது.”

“சார், இது சும்மா இடத்துக்குப் போட்டது. வேற எடுத்துடலாம்.”

“வேற எதுக்கு? அந்த விரலைப் பாருங்க. காசு குடுத்தாலும் இப்படி ஒரு விரல் கெடைக்குமா? உங்க முதல் விதியே அதானே?”

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் முதலாளி வாயில் ஒரு சேதி சாயங்காலம் வரை நிற்காது. வெறும் கைதானே, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்னொரு காரணமும் இருந்தது. படம் நன்றாக வந்திருந்தது. அவள் எடுத்ததிலேயே நல்ல படம் அது.

திங்கட்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தவளின் முன்னால் ஒரு பஸ் நகர்ந்து போனது. அதன் முதுகு முழுக்க அக்காவின் கை. சுண்டுவிரல் மட்டும் ஒரு முழம் இருந்தது. மேலே ‘இங்கேதான்’. கீழே, அவளுக்குச் சொல்லாமல் முதலாளி சேர்த்த வரி: ‘இந்த ஜன்னல் எங்கே? கண்டுபிடிப்பவர்களுக்கு ஒரு வருடச் சந்தா இலவசம்.’

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நேராகப் படம் திருத்துபவரிடம் போனாள். கண்ணாடி தடிமனாக இருப்பதால் அவருக்குச் சோடாபுட்டி என்று பெயர். அவரே போனில் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

“அண்ணே, அட்டைல அந்த விரலை நிமித்திடுங்க. தொட்டி நம்பரையும் எடுத்துடுங்க.”

“யாரு பேசுறது? மூஞ்சில பரு இருந்தாக்கூட விடணும், தொட்டா கையை வெட்டுவேன்னு நோட்டீஸ் ஒட்டின டைரக்டரம்மாவா?”

“நான்தான். செய்ங்கண்ணே.”

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “அட்டை இன்னும் அச்சுக்குப் போகல, அதுல நிமித்திடுறேன். நாப்பது பஸ்ஸு ஓடுதே, அதுல யாரு நிமித்துறது?”

போட்டிக்கு வரும் பதில்களை நானே படிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள். முதலாளிக்கு ஒரே பெருமை. பதில்கள் போனில் வந்து குவிந்தன. ஒருவர், அது தன் மாமியார் வீட்டு ஜன்னல், உள்ளே விடமாட்டார்கள், நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். முதல் நாள் சிரிக்க முடிந்தது. இரண்டாம் நாள் நாலு பேர் தொட்டி எண்ணைப் பிடித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வெயில் விழும் சாய்வைக் கணக்குப் போட்டு, ஜன்னல் கிழக்குப் பார்த்தது, முதல் மாடி என்று வரைபடமே அனுப்பியிருந்தார். அவள் எல்லாவற்றையும் அழித்தாள். அழித்தால் என்ன? அவர்கள் தலைக்குள் இருப்பதை அழிக்க முடியுமா?

அக்காவிடம் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நாளைத் தள்ளினாள்.

வியாழன் காலை பெயரில்லாத ஒரு பதில் வந்தது.

‘ஜன்னல் எங்கேன்னு இன்னும் தெரியல. கை யாருதுன்னு தெரியும். ஏழாம் நம்பர் தொட்டிலேருந்து ஆரம்பிக்கிறேன்.’

முந்தின நாள் ராத்திரி அனுப்பியது.

பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். அவள் தெருவில் தொட்டிக்கடியில் நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்து ஜன்னல்களை அளந்துகொண்டிருந்தார்கள். “தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நில்லுங்க, எதிர்ல எது வருதோ அதான்,” என்று ஒருத்தி புருஷனை நகர்த்திக்கொண்டிருந்தாள். தங்கை தலையைக் குனிந்துகொண்டு மாடியேறினாள்.

தாழைத் திறந்துவிட்ட அக்கா, சமையலறைக்குத் திரும்பிப் பொத்தான் தைக்க உட்கார்ந்தாள்.

“அக்கா, கெளம்பணும்.”

அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். “எப்படித் தெரிஞ்சுது அவருக்கு?”

அவள் போனில் விளம்பரத்தைக் காட்டினாள். அக்கா போனை வாங்கிப் பார்த்தாள்.

“அன்னிக்கு என்ன எடுக்குறன்னு கேட்டேன். வெளிச்சம் பாக்குறேன்னு சொன்ன.”

“டம்மிக்குத்தான்கா எடுத்தேன்.”

“எத்தனை நாளா ஊரைச் சுத்துது இது?”

“நாலு நாளா.”

“நாலு நாளும் என் பக்கத்துல உக்காந்துதான சாப்ட்ட.”

அக்காவின் பை எட்டு மாதமாகவே கதவுக்குப் பின்னால் தயாராக இருந்தது. அக்கா பச்சை ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

“இதோட போனா நானே நடமாடுற போஸ்டர்.”

“எங்கக்கா போற?”

“ஒரு எடம் பாத்து வெச்சிருக்கேன். எங்கேன்னு கேக்காத. தெரிஞ்சா அதையும் படம் புடிப்ப.”

இடது கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டு பின்படி வழியாக இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் ஜன்னலோரச் சுவரை ஒட்டி நின்றாள். தெருமுனை நிறுத்தத்தில் அக்கா போய் நிற்பது தெரிந்தது. மறுபக்கம் தொட்டிக்கடியில் புதிதாக ஒரு ஆள். கையில் போன் இல்லை. இஸ்திரி கலையாத நீலச்சட்டை. ஒவ்வொரு ஜன்னலாக நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அத்தான் எதற்கும் அவசரப்படமாட்டார். விரலை ஒடித்தபோதும் அவசரப்படவில்லை.

பஸ் வந்து நின்றது. அதன் முதுகிலும் அந்தக் கை. அத்தானின் தலை பஸ் பக்கம் திரும்பத் தொடங்கியது. அக்காவுக்கு முன்னால் இரண்டு பேர் மூட்டையை ஏற்ற முடியாமல் படியை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் ஸ்வெட்டரை மாட்டினாள். காலி டீ கிளாஸை எடுத்தாள். முகத்தைச் சுவருக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கையை மட்டும் ஜன்னலில் நீட்டினாள். சுண்டுவிரலைக் கம்பியில் அழுத்தி வெளிப்பக்கம் வளைத்தாள். கொஞ்சம் கீழே. வெளிச்சம் கணுவில் விழட்டும். இப்போது சரி. கிளாஸால் கம்பியைத் தட்டினாள், மூன்று தடவை.

“ஏங்க, அங்க பாருங்க. அதே கை,” என்று கீழே அந்தப் பெண் சொன்னாள். யாரோ கைதட்டினார்கள்.

விளிம்பு வழியாக ஒரு கண்ணால் பார்த்தாள். நீலச்சட்டை பஸ்ஸை விட்டுத் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. படிக்கட்டில் இப்போது அக்கா இல்லை, உள்ளே ஏறிவிட்டாள். பஸ் முனையில் திரும்பி மறையும் வரை அவள் கையை எடுக்கவில்லை.

மறைந்த பிறகு தெருவைப் பார்த்தாள். தொட்டிக்கடியில் அத்தான் இல்லை. கீழ்ப்படியில் காலடிச் சத்தம் கேட்டது, நிதானமாக.

எட்டு மாதமாக வாசல் கதவுக்குத் தாழ் போடுவது அக்காவின் வேலை. இன்று ஓடி வந்த வேகத்தில் தாழைப் போட்டோமா என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. கிளாஸை வைத்துவிட்டு ஓட வேண்டும். சுண்டுவிரல் மரத்துப் பிடித்துக்கொண்டு நிமிர மறுத்தது.