வாய் திறக்காத சர்வர்

பிரௌசருக்குள் பட்டன்களை ஆட வைத்தே காலம் தள்ளியவர் அவர். "ஜாவாஸ்கிரிப்ட்ல சர்வரும் எழுதுவேன்" என்று மச்சினனிடம் அளந்துவிட்டார். ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் தன் ஆபீஸில் சிபாரிசு என்று அவனும் வந்து உட்கார்ந்துவிட்டான்.

ஜாவாஸ்கிரிப்டை பிரௌசருக்கு வெளியே ஓட்டும் நோடை நிறுவி, கேட்பவருக்கு 'வணக்கம்' சொல்ல நாலு வரி எழுதி, டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் ஓட்டினார். பதிலும் இல்லை, பிழையும் இல்லை. கர்சர் மட்டும் கண் சிமிட்டியது. யாராவது கேட்கும்வரை சர்வர் சும்மாதான் காத்திருக்கும் என்பது அந்த மேதைக்குத் தெரியாது. "தொங்கிடுச்சு" என்று நிறுத்தினார். மறுபடி ஓட்டினார், மறுபடி நிறுத்தினார். மச்சினன் போனில் திறப்பதற்குள் ஒவ்வொரு முறையும் அவர் நிறுத்திவிட, பக்கம் கிடைக்கவில்லை.

"என்ன மாமா, உங்க சர்வருக்கு வெட்கமா?"

மனைவி எட்டிப் பார்த்தாள். "பேசாம இருந்தா கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா? நான் எத்தனை வருஷமா இந்த வீட்ல அப்படித்தான் ஓடிட்டிருக்கேன். அதை விட்டுட்டு வந்து வெங்காயம் நறுக்குங்க."

அப்போதுதான் ஓட்டிவிட்டிருந்தவர், நிறுத்த நேரமில்லாமல் எழுந்து போனார்.

"மாமா! போன்ல வணக்கம்னு வந்துடுச்சு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். "எங்கே கை வச்சா வழிக்கு வரும்னு எனக்குத் தெரியாதா, மாப்பிள்ளை?"