தட்டிக்கொண்டே போன வண்டி

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். டயரை உதைத்துப் பார்த்தாள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தாள். முகப்பு விளக்கைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

“இன்னும் கொஞ்சம் துடைச்சா ஓட்டையாப் போயிடும்,” என்றான் புருஷன். ஓட்டுகிற இருக்கையில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ ஆற்றிக்கொண்டிருந்தான்.

“உங்களுக்கு எப்படித்தான் டீ இறங்குதோ.”

“தொண்டை வழியாத்தான்.”

அவன் எப்போதும் அப்படித்தான். லாரி ஓட்டிப் பழகிய ஆள். கூரை பற்றி எரிந்தாலும் வெளிச்சத்தில் பீடி தேடுவான். ஓட்டுவது அவன் வேலை. டிக்கெட் கிழிப்பது, டயர் வாங்குவது, ஆபீஸ் படியேறித் திட்டு வாங்குவது எல்லாம் அவள் தலையில். வண்டியும் அவள் பேரில்தான் இருந்தது. பழைய லாரியின் அடிச்சட்டத்தின் மேல் மரமும் தகரமும் அடித்துக் கட்டிய வண்டி. அதிகாரி பார்ப்பாரே என்று போன வாரம்தான் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தாள். பக்கவாட்டில் பெரிய எழுத்தில், ‘சங்கு ஊதினால் வண்டி கிளம்பும்.’

ஊரில் அப்போது இரண்டு பஸ்கள்தான். இன்னொன்று பீப்பாயுடையது. அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும். சந்தை முனையை நாலு தரம் சுற்றி, கூவிக் கூவி, ஆள் நிறைந்து கூரை முனகினால்தான் அவன் வண்டி நகரும். அவள் வண்டியோ ஒரே ஆள் இருந்தாலும் காலை ஆறு மணிக்கு மில்லின் முதல் சங்கு ஊதியதும் நகர்ந்துவிடும். காலி வண்டியை ஓட்டுகிறாளே, காற்றுக்கு டிக்கெட் கிழிக்கிறாளா என்று சந்தையே சிரித்தது.

மில் சாலைக்கு ஒரு வண்டிக்குத்தான் பர்மிட். இரண்டையும் ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்ப்பதாகப் போக்குவரத்து ஆபீஸ் சொல்லியிருந்தது. இன்றைக்குக் கடைசி நாள். அதிகாரியே ஏறி வரப்போகிறார். பர்மிட் கை நழுவினால் வண்டி மறுபடியும் லாரியாகிவிடும். அவள் மறுபடியும் மில்லுக்குள் நூல் சுற்றப் போக வேண்டியதுதான்.

அந்த மில்லை அவளுக்குத் தெரியும். அந்தச் சாலையில் ஓட்டமும் நடையுமாகப் போய், கண்ணெதிரே கேட் மூடப்பட்டு, வந்த வழியே திரும்பி நடந்த நாட்கள் உண்டு. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியதும் உண்டு. வண்டி என்ற நினைப்பே அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வந்ததுதான்.

அதிகாரி வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பெயின்டை விரலால் தொட்டு, விரலைப் பார்த்துக்கொண்டார். ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எதிரே தன் வண்டிப் படியில் பல் குத்திக்கொண்டிருந்த பீப்பாய் குரல் கொடுத்தான். “என்ன தங்கச்சி, இன்னைக்கு உனக்கு சங்கா?”

“முதல்ல உன் வண்டிய நகத்து அண்ணே. சக்கரத்துல செடி முளைச்சிடப் போகுது.”

சொல்லிவிட்டாளே ஒழிய, காது முழுக்க மில் பக்கமே இருந்தது. வானம் வெளுத்துவிட்டது. இந்நேரம் ஊதியிருக்க வேண்டும்.

“அம்மா, மணி ஆயிடுச்சு,” என்றார் அதிகாரி.

“இன்னும் சங்கு ஊதலையே சார்.”

“சங்கெல்லாம் எனக்குத் தெரியாது. ஆறு மணின்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. எடுக்கிறீங்களா, இல்ல எடுக்கலைன்னு எழுதிக்கட்டுமா?”

மில் பெண்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒருத்தியிடமும் கடிகாரம் கிடையாது. சங்கு கேட்டால்தான் கதவைத் திறப்பார்கள். ‘சங்கு ஊதினா வந்து நில்லு, வண்டி உன் வாசலுக்கு வரும்’ என்று வீடு வீடாகச் சொல்லிப் பழக்கியவளே அவள்தான். இப்போது எடுத்தால் காலி வண்டி போகும். எடுக்காவிட்டால் நேரம் போகும்.

“எடுங்க,” என்றாள்.

புருஷன் டீக் குவளையைக் கவிழ்த்துவிட்டு இறங்கி, முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினான். இரண்டு தரம் இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. பீப்பாய் கையாட்டி வழியனுப்பினான். அவன் வண்டியில் பாதி ஆள் ஏறியிருந்தது. “சங்கே ஊதலை, அதுக்குள்ள என்ன அவசரம்?” என்று அவன் சொன்னதற்கு உள்ளே இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

முதல் நிறுத்தத்தில் ஒரு நாய் மட்டும் நின்றது. இரண்டாவதில் அதுவும் இல்லை.

அதிகாரி தொண்டையைச் செருமினார். “ஆள் இல்லாத சாலைக்கு எதுக்கும்மா பர்மிட்?”

“ஆள் இருக்கு சார். தூங்கிக்கிட்டு இருக்கு.”

அவள் எழுந்து போய்ப் புருஷன் பக்கத்தில் இருந்த ரப்பர் ஹாரனைப் பிடித்து அமுக்கினாள். பாம், பாம் என்றது. விடாமல் அமுக்கினாள். லைன் வீடுகள் தொடங்கும் இடத்தில் ரப்பர் கிழிந்து, கடைசியாக ஒரு கெட்ட சத்தம் போட்டு அடங்கியது.

“கெட்ட வாயு,” என்றான் புருஷன்.

“வாய மூடிட்டு மெதுவா ஓட்டுங்க. நிறுத்தாதீங்க.”

இருக்கைக்கு அடியில் கிடந்த ஹேண்டிலை எடுத்தாள். ஃபுட்போர்டில் இறங்கி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஓங்கி வண்டியின் பக்கவாட்டில் ஒரு போடு போட்டாள். தகரம் அலறியது. பச்சைப் பெயின்ட் செதில் செதிலாகப் பறந்தது. இன்னொரு போடு. ‘சங்கு’ என்ற எழுத்து குழிந்து உள்ளே போனது.

“என்னம்மா பண்றீங்க!” அதிகாரி எழுந்துவிட்டார். “வண்டிய உடைக்கிறீங்க!”

“என் வண்டிதானே சார்!” என்று கத்திவிட்டு மறுபடி அடித்தாள். “ஏய், எழுந்திரிங்கடி! சங்கு செத்துப்போச்சு! மணி ஆயிடுச்சு!”

ஒரு கதவு திறந்தது. பிறகு நாலு. பிறகு வரிசையாக. பாதி பின்னிய சடையோடு ஒருத்தி, முகத்தில் சோப்பு நுரையோடு ஒருத்தி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருத்தி. ஊர்ந்துகொண்டிருந்த வண்டியில் தொற்றி ஏறினார்கள். மில்லில் வாயாடி என்று பெயரெடுத்தவள் ஒற்றைத் தோட்டோடு ஏறி மூச்சு வாங்கினாள்.

“ஏண்டி, வண்டி வருதா, வீடு இடியுதா? என் புருஷன் கட்டிலுக்கு அடியில போயிட்டாரு!”

“உள்ள போடி. வழிய மறைக்காத.”

“அது சரி, இந்த சார் யாரு? மில்லுல புதுசாச் சேந்தவரா?”

அதிகாரி ஜன்னல் பக்கம் ஒடுங்கி உட்கார்ந்தார். அவர் மடியில் யாரோ சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் பின்னால் போயிருந்தார்கள்.

மில் கேட்டில் வண்டி நின்றபோது காவல்காரன் ஒரு கதவை ஏற்கனவே சாத்தியிருந்தான். பெண்கள் குதித்து, இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கடைசி ஆள் நுழைந்ததும் மறு கதவும் மூடியது.

“சங்கே ஊதலையேப்பா, நீயா எப்படி மூடுற?” என்று அதிகாரி கேட்டார்.

“சங்கு வால்வு அடைச்சிக்கிச்சு. மேனேஜர் கடிகாரம் அடைச்சிக்கலையே சார்.”

கொஞ்ச நேரம் கழித்துப் பீப்பாயின் வண்டி முக்கி முனகி வந்து சேர்ந்தது. கூரையில்கூட ஆள். எல்லாரும் இறங்கி, மூடிய கேட்டைப் பார்த்து, அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு வயதான பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, இன்னைக்கு மட்டும் விடுங்கய்யா,” என்றாள். காவல்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள் அவள். சந்தை முனையிலேயே இரண்டு தட்டு தட்டி, பீப்பாய் வண்டியில் ஏறியிருந்த பாதிப் பேரையும் கூப்பிட்டிருக்கலாம். தோன்றவில்லை.

அதிகாரியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இன்னும் கையில் வைத்திருந்த தூக்கைக் காவல்காரனிடம் நீட்டினார். “உள்ள யாரோடதோ. குடுத்திடு.” அவள் பக்கம் திரும்பினார். “மில் சாலை உங்களுக்குத்தாம்மா. ஆனா இந்தத் தகரத்த நேராக்கிப் பெயின்ட் அடிக்கணும். இப்படிக் குண்டும் குழியுமா வண்டி ஓடக்கூடாது. அந்த சங்கு எழுத்தும் வேணாம்.”

“சரி சார்,” என்றாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் காது மறுபடியும் மில் பக்கமே போனது. அந்த வால்வை இன்றைக்குள் சரி செய்வார்களா? சரி செய்தாலும் அது இன்னொரு நாள் அடைத்துக்கொள்ளாதா?

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து ஏறும்போது வாயாடி சொன்னாள்: “இனிமே சங்காவது மண்ணாவது. உன் தகரம் கேட்டாத்தான் நான் கதவத் திறப்பேன், ஆமா.” வண்டி முழுக்க அதற்கு ஆமாம் போட்டது.

வீட்டுக்கு வந்ததும் புருஷனும் அவளும் உட்கார்ந்து, உள்ளிருந்து கட்டையை முட்டுக் கொடுத்து, குழிகளைச் சுத்தியலால் தட்டி எடுத்தார்கள். எழுத்து இருந்த இடத்தில் ஒரே பச்சையாகப் பெயின்ட் அடித்தாள்.

மறுநாள் ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. ஊரே அதிரும்படி நீளமாக, கணீரென்று ஊதியது. வண்டி கிளம்பி லைன் வீடுகள் பக்கம் திரும்பியது.

ஒரு கதவும் திறந்திருக்கவில்லை.

புருஷன் அவளைத் திரும்பிப் பார்த்தான். இருக்கைக்கு அடியில் கையை விட்டு ஹேண்டிலை எடுத்து நீட்டினான்.

“பெயின்ட் இன்னும் காயலைங்க,” என்றாள் அவள்.

“காஞ்சா மட்டும் அடிக்காமலா இருக்கப்போற?”

அவள் வாங்கிக்கொண்டு ஃபுட்போர்டில் இறங்கினாள்.