அரை நிமிடம் முந்திய கணினி

இன்றைக்கும் முந்தித்தான் ஓடுகிறது... ஹேரான் தொலைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு திரையையே பார்த்தாள், நேரம் சொல்லும் பெண்குரல் இஞ்சியோன் நகரத்திலிருந்து நிதானமாக விநாடி சொல்லிக்கொண்டிருந்தது, துறைமுக வானொலி அறையின் கணினியோ அந்தக் குரலுக்கு அரை நிமிடம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரு வாரமாக எல்லைக்கு வடக்கே இருந்து, கணினிக்கு நேரம் தரும் செயற்கைக்கோள் சிக்னலைக் குலைக்கிறார்கள், வெளி இணையமும் இந்தக் கணினிக்குக் கிடையாது, உள்ளே இருக்கிற சின்னப் படிகத்தின் துடிப்பை நம்பித் தானே எண்ணிக்கொண்டு போகிறது, அதற்கு எப்போதும் கொஞ்சம் அவசரம். கூட வேலை பார்க்கும் கிசோல் எதிர் நாற்காலியில் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டே, அரை நிமிஷத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது, சிக்னல் வந்தால் தானே சரியாகிவிடும் என்றான். ஆமாம், அன்றைக்கும் அப்படித்தான் சரியாகிவிட்டது, கணினி மட்டும்.

அன்றைக்கும் ஒரு வாரமாகச் சிக்னல் இல்லை, இதே கணினிதான், இதே அரை நிமிடம் முந்தித்தான் ஓடியிருக்கும். அவள் புருஷன் தொக்பே நண்டுப் படகிலிருந்து கடைசியாகக் கூப்பிட்டது இதில்தான் பதிவானது, நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டு விநாடி, குரல் பாதியில் அறுந்தது, படகு அத்தோடு போயிற்று, உடல் கிடைக்கவில்லை, வேறு சாட்சி ஏது... அந்தப் பன்னிரண்டு விநாடியை வைத்துத்தான் இறந்த நாள் குறித்தார்கள், மூன்று வருஷமாக அந்தத் தேதியில்தான் படையல். அரை நிமிடத்தைக் கழித்தால்? ஐயோ, கழித்தால் முந்தின நாள் அல்லவா... செத்தவர் செத்த நாளில்தான் வீடு தேடி வருவார், கதவைத் திறந்து வைத்து, சோற்றில் கரண்டியைக் குத்தி வைக்க வேண்டும், அவன் வந்த இரவில் வீடு இருட்டிக் கிடந்ததா, மறுநாள் நாம் யாருக்குச் சோறு போட்டோம்? இந்த வருஷப் படையல் நாளைக்கு. அப்படியானால் அவன் நாள் இன்று. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும், சொன்னால் மாமியார் எப்படித் தாங்குவாள்... ஆனாலும் இன்னொரு வருஷமும் அவனைப் பட்டினி போடுவதா? விரல் வீட்டு எண்ணை அழுத்திவிட்டது.

"அத்தை, படையலை இன்னிக்கே வெச்சிடலாமா? அன்னிக்கு கம்ப்யூட்டர்ல நேரம் தப்பா ஓடியிருக்கு. அவர் போனது முந்தின நாள்."

அந்தப் பக்கம் முள்ளங்கி நறுக்கும் சத்தம் நின்றது. திட்டப் போகிறாள், அழப் போகிறாள் என்று ஹேரான் காத்திருந்தாள்.

"அப்போ போன வருஷம் படையலுக்கு முந்தின நாள் ராத்திரி கதவு தடதடன்னுச்சே," என்றாள் மாமியார் மெல்ல. "காத்துன்னு சொல்லி நீதானேம்மா தாழ்ப்பாளைப் போட்டே?"

போட்டாள், ஆமாம், அவள்தான் தூக்கக் கலக்கத்தில் எழுந்து போய்ப் போட்டாள், காற்றுதான், படுங்கள் அத்தை என்றுகூடச் சொன்னாள்... ஆனால் அன்று சாயங்காலம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, கடல் அமைதி, காற்று இல்லை என்று எல்லாப் படகுக்கும் அறிவித்ததும் அவள்தானே?