இளையோர் பிரிவில் ஒரு பல் டாக்டர்

பல் டாக்டருக்கு வயது ஐம்பத்திரண்டு. எவ்வளவு முரண்டு பிடிக்கும் கடவாய்ப் பல்லையும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பிடுங்கிவிடுவாள். முப்பது வருஷமாக அவள் படித்ததெல்லாம் ஈறு நோய் பற்றிய சஞ்சிகைகள்தான். அப்படிப்பட்டவளைக் குப்புறக் கவிழ்த்தது, யாரோ ஒரு நோயாளி காத்திருக்கும் அறையில் மறந்துவிட்டுப் போன ஒரு நாவல்.

பதின்வயதுப் பிள்ளைகளுக்கான மர்மக் கதை அது. மலைமேல் ஒரு விடுதிப் பள்ளி. அங்கே வாரம் ஒரு மாணவியின் நிழல் காணாமல் போகிறது. நிழல் போனவளை வீட்டார் அடியோடு மறந்துவிடுகிறார்கள். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, நிழல் திருடன் யாரென்று துப்பறியக் கிளம்புகிறாள். மொத்தம் ஆறு பாகம். கிடைத்தது முதல் பாகம் மட்டும். மதியம் சும்மா புரட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தவள், நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்த நோயாளி, "டாக்டர், தாடை வலிக்குது, கொஞ்ச நேரம் மூடிக்கட்டுமா?" என்று கேட்டபோதுதான் தலை நிமிர்ந்தாள்.

இரண்டாம் பாகம் எந்தக் கடையிலும் இல்லை. அச்சில் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். பொது நூலகத்தில், இளையோர் பிரிவில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மீதி ஐந்து பாகங்களும் வரிசையாக இருந்தன. கதவின்மேல் ஒரு பலகை: 'பதிமூன்று முதல் பதினெட்டு வயது வரை மட்டும்.'

நூலகர் பென்சில் சீவுவதென்றாலும் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சீவுகிற மனிதர்.

"பலகையைப் பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன். ஒரே ஒரு புத்தகம். நாளைக்கே திருப்பிக் கொடுத்துடறேன்."

"ஒண்ணுன்னாலும் ஒம்பதுன்னாலும் உறுப்பினரா இருக்கணும்." அவர் விதிப்புத்தகத்தைத் திறந்தார். விரலை வரிமேல் வைத்து நகர்த்தினார். விரல் ஓரிடத்தில் நின்றது. முகத்தில் ஒரு கலக்கம். "பதிமூணு வயசு பூர்த்தி ஆகியிருக்கணும்னு போட்டிருக்கு. உங்களுக்குப் பூர்த்தி ஆயிடுச்சா?"

"ஆகி முப்பத்தொம்பது வருஷம் ஆச்சு."

"மேல் வயசு இதுல இல்லையே! அப்ப பதினெட்டுங்கறது பலகை எழுதின பெயிண்டர் சொந்தமாச் சேர்த்தது." அவர் பலகையை ஒரு முறை முறைத்தார். "பெயிண்டர் பேச்சைக் கேட்டு நான் நிர்வாகம் பண்ண முடியாது. நீங்க சேரலாம். ஆனா பெற்றோர் கையெழுத்து கட்டாயம். அதுல விதிவிலக்கே கிடையாது."

வேறொருத்தியாக இருந்தால் சிரித்துவிட்டுத் திரும்பியிருப்பாள். நம் டாக்டர் விண்ணப்பப் படிவத்தை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நிழல் திருடன் அவளை அந்தப் பாடு படுத்திக்கொண்டிருந்தான்.

கீழே கிளினிக், மேலே வீடு. வீட்டில் அவளும் அப்பாவும்தான். அப்பாவுக்கு எண்பத்தொரு வயது. எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தராசு'. முழுக்கப் படிக்காமல் ஒரு காகிதத்தில்கூட அவர் கையெழுத்துப் போட்டதில்லை. தன் கல்யாணப் பதிவேட்டையே ஆரம்பப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்து, மாமனாருக்கு மயக்கம் வரவைத்தவர்.

படிவத்தை வெளிச்சத்தில் பிடித்து உரக்கப் படித்தார். "'என் பிள்ளை படிக்கும் நூல்களின் தன்மைக்கு நானே முழுப் பொறுப்பு.' அப்படின்னா, நீ என்ன படிக்கறேன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"அப்பா, அது சும்மா ஒரு சம்பிரதாயம். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு."

"உன் வயசு எனக்குத் தெரியாதா? நான்தானே பதிவு பண்ணேன்." பேனா மூடியைத் திறந்தார். "கையெழுத்துப் போடறேன். ஆனா ஒவ்வொரு புத்தகத்தையும் மொதல்ல நான் படிப்பேன். சரின்னு பட்டாத்தான் உனக்கு."

வேண்டிக்கொண்டு வந்த வினை, தலையாட்டினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஆட்சி மாறிவிட்டது. இரண்டாம் பாகத்தை அப்பா மூன்று நாளில் முடித்து, பின்னட்டையில் ஒரு துண்டுக் காகிதம் செருகி, 'ஆய்வு செய்யப்பட்டது. வன்முறை மிதம். படிக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது சமையலறைத் தராசில் புத்தகத்தை நிறுத்தார்: நானூற்றுப் பத்து கிராம். அவள் படித்துவிட்டுத் திருப்பியபோது நானூற்றுப் பதின்மூன்று.

"மூணு கிராம் கூடியிருக்கே! பிஸ்கெட் தின்னுக்கிட்டே படிச்சியா?"

அப்பா எண்பத்தேழாம் பக்கத்தை விரித்து உதறினார். உண்மை உதிர்ந்தது.

நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு மரத்துப்போகக் காத்திருக்கும் பத்து நிமிஷத்தில், சஞ்சிகைக்குள் நாவலை ஒளித்து வைத்துப் படித்தாள். அதற்கும் மாடியிலிருந்து போன் வந்துவிடும். "இன்னிக்கு நாப்பது பக்கம் ஆயிடுச்சு. போதும். கண்ணு என்னத்துக்கு ஆகும்?" முப்பது வருஷம் பிராக்டீஸ் செய்தவள், "சரிப்பா" என்று புத்தகத்தை மூடுவாள். நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரிப்பாள்.

போதாக்குறைக்கு, உறுப்பினர்கள் எல்லோரும் சனிக்கிழமைக் காலையில் வாசகர் சங்கக் கூட்டத்துக்கு வந்தாக வேண்டும் என்று ஒரு விதி. டாக்டரையும் சேர்த்துப் பதினொரு பேர். தலைவிக்குப் பதினாலு வயது. பல்லுக்குக் கம்பி போட்டிருப்பாள். போட்டதே நம் டாக்டர்தான். முதல் நாள் டாக்டரை என்னவென்று கூப்பிடுவது என்று ஒரு விவாதம் நடந்தது. உறுப்பினர்களுக்குள் 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டால் சமத்துவம் கெட்டுவிடும் என்று தீர்மானித்து, 'அக்கா' என்று முடிவு செய்தார்கள். சண்டையும் அவளோடு சரிசமமாகவே போட்டார்கள். நிழல் திருடன் சங்கீத ஆசிரியர்தான் என்று அவள் அடித்துச் சொன்னபோது, "அக்கா, ஆதாரமில்லாம பேசாதீங்க" என்று தலைவி கம்பி மின்ன அதட்டினாள். டாக்டருக்கு அது வெகுவாகப் பிடித்திருந்தது. கிளினிக்கில் அவள் எது சொன்னாலும் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்களே தவிர, ஒருவரும் எதிர்த்துப் பேசியதில்லை.

ஐந்தாம் பாகம் வரை இப்படிப் போனது. ஆறாவதில்தான் வந்தது வம்பு.

அப்பா ஆறாம் பாகத்தை எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் காலையில் அவர் முகம் உப்பு அதிகமானதை வாயில் போட்டவர் முகம்போல இருந்தது.

"இது சரியில்ல. உனக்கு வேண்டாம்."

"ஏம்ப்பா? கொலையா?"

"கொலைன்னா பரவாயில்லையே."

"அப்ப காதலா?"

"அதெல்லாம் நாலாவதுலயே வந்துடுச்சு, விட்டேனே! இது வேண்டாம்னா வேண்டாம்."

புத்தகம் காணாமல் போனது. அலமாரி, பரண், துவைக்கும் இயந்திரம் வரை தேடிவிட்டாள். மாலையில்தான் ஒன்று கவனித்தாள்: நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா வழக்கத்தைவிட இரண்டு விரல்கடை உயரமாகத் தெரிந்தார். மெத்தைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்! சாப்பாட்டுக்கும் எழுந்து வரவில்லை. தட்டு நாற்காலிக்கே போனது. குளிக்கப் போகும்போது துண்டில் சுற்றிக் கூடவே எடுத்துப் போனார். பல்லாக இருந்தால் பிடுங்கிவிடலாம். அப்பாவை என்ன செய்வது?

அந்தச் சனிக்கிழமை சங்கத்தில் ஆறாம் பாகத்தைப் பற்றிப் பேச்சு. மற்ற பத்துப் பேரும் நூலகத்திலேயே முறைவைத்து முன்பே படித்து முடித்தவர்கள். முடிவு காதில் விழுந்துவிடக் கூடாதே என்று டாக்டர் இரண்டு காதுக்குள்ளும் கிளினிக் பஞ்சை அடைத்துக்கொண்டு, போதாமல் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். நூலகர் வந்து பார்த்தார். பதிவேட்டைப் புரட்டினார். திங்கட்கிழமையே அப்பாவுக்குக் கடிதம் வந்துவிட்டது: 'தங்கள் பிள்ளை கூட்டத்திலிருந்து பாதியில் வெளியேறியது குறித்துப் பேச, பெற்றோர் நேரில் வரவும்.'

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வந்தார். பிள்ளைகளுக்கு நடுவே நாற்காலி போட்டார்கள். டாக்டர் தலைகுனிந்து ஓரமாக நின்றாள்.

"இவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்று அப்பா ஆரம்பித்தார். "தப்பு புத்தகத்து மேல. இந்த முடிவை மாத்தணும். எழுதினவங்களுக்குக் கடிதம் போடுங்க, நானும் கையெழுத்துப் போடறேன்."

"அதுல என்ன தாத்தா தப்பு?" என்றாள் தலைவி.

அப்பா மகளைப் பார்த்தார். "நீ காதை அடைச்சுக்கோ."

அவள் பஞ்சை வைத்துக்கொண்டாள். ஆனால் பஞ்சு பஞ்சுதானே; அப்பாவின் குரல் கடைவீதியில் நாற்பது வருஷம் உழைத்த குரல். எல்லாம் கேட்டது.

"அந்தப் பொண்ணோட நிழல் போயிடுது. அதை மீட்க, அவ அப்பன் தன் நிழலைக் கொடுத்துடறான். கொடுத்தா என்ன ஆகும்? அவ அவனை மறந்துடறா! எதிர்ல வந்து நிக்கறான், 'நீங்க யாரு?'ங்கறா. இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம். பதினஞ்சு வருஷம் வளர்த்தவனை ஒரே வரியில மறக்கறதா? இதையெல்லாம் பிள்ளைங்க படிக்கலாமா?"

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் பார்த்தது பிள்ளைகளை அல்ல. ஐம்பத்திரண்டு வயதுப் பிள்ளையை.

தலைவி மெதுவாகக் கேட்டாள்: "தாத்தா, இருநூத்திப் பதிமூணுல என்ன இருக்கு?"

அப்பா கக்கத்துப் புத்தகத்தை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"படிக்கலையா?"

"அதுக்கு மேல எதுக்குப் படிக்கணும்? மூடிட்டேன்."

பிள்ளைகளின் பத்து நாற்காலியும் ஒரே சமயத்தில் கிறீச்சிட்டன. "முழுசாப் படிக்காமலே தடை போட்டீங்களா?" என்றாள் தலைவி. நூலகர் விதிப்புத்தகத்தை எடுக்கப் போய், இதற்கு விதி தேவையில்லை என்று தோன்றியதோ என்னவோ, திரும்ப வைத்துவிட்டார்.

எண்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகத் தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்பாவின் காது மடல் சிவந்தது. "சரி, அப்ப நீங்களே சொல்லுங்க. என்ன இருக்கு அதுல?"

"அதைச் சொல்லக் கூடாது தாத்தா" என்றார்கள் பத்துப் பேரும் ஒரே குரலில். "படிக்காதவங்க கிட்ட முடிவைச் சொல்லக் கூடாது. சங்க விதி."

அப்பா புத்தகத்தை மகள் கையில் கொடுத்தார். நிறுக்காமல் கொடுத்தார்.

அப்பாவும் மகளும் வீடு திரும்பினார்கள். வாசலில்தான் சொன்னார்: "எனக்குத் தைரியம் இல்லம்மா. நீ படி. இருநூத்திப் பதிமூணாம் பக்கம் வரும்போது சொல்லு."

திங்கட்கிழமை பதினொன்றரை மணி. நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர். கீழ்க் கடவாய்ப் பல் சொத்தை. ஊசி போட்டாயிற்று. பத்து நிமிஷம் இருந்தது. டாக்டர் சஞ்சிகையைத் தேடக்கூட இல்லை. நாவலை வெட்டவெளிச்சமாகவே விரித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்தது. 'நீங்க யாரு?' என்ற வரியும் வந்தது. என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்தும் கண்ணீர் முகமூடிக்குள் இறங்கிற்று.

டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பல்லின் எக்ஸ்ரே படம் அவள் தலைக்கு மேலேதான் ஒளிர்ந்துகொண்டிருந்தது. "டாக்தர்," என்றார் மரத்துப்போன வாயால், "என் பல்லு... அவ்வளோ மோதமா?"

"உங்க பல்லுக்கு ஒண்ணும் இல்லங்க. ஒரு நிமிஷம்." கையுறையைக் கழற்றி மாடிக்குப் போன் போட்டாள். ஒரே மணியில் எடுத்தார் அப்பா.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"தண்ணி குடிச்சியா? குடிச்சிட்டுப் படி. உரக்கப் படி."

அவள் உரக்கப் படித்தாள். அந்தப் பெண் பள்ளி வாசலில் அந்த மனிதரைக் கடந்து, மலைப்பாதையில் தனியாக இறங்கிப் போகிறாள். அவளுக்கு எதுவும் நினைவில்லை. பாதை அகலமாகக் கிடக்கிறது. ஆனாலும் அவள் ஓரமாகவே நடக்கிறாள். பக்கத்தில் ஓர் ஆள் நடக்க இடம் விட்டு நடக்கிறாள். யாருக்காக என்று அவளுக்கே தெரியவில்லை. அடிவாரம் வரை அப்படியே நடக்கிறாள்.

மறுமுனையில் அப்பா கேட்டார்: "எந்தப் பக்கம் இடம் விடறா?"

"வலது பக்கம்ப்பா."

"வண்டி வர்ற பக்கமா?"

அவள் வரியை மறுபடி பார்த்தாள். "ஆமாப்பா. வண்டி வர்ற பக்கம்தான்."

"ம். பெத்த அப்பன்னா அந்தப் பக்கம்தான் நடந்திருப்பான்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரியாத்தான் எழுதியிருக்காங்க. மேல படி."

பத்து நிமிஷம் ஆகிவிட்டதே என்று அவள் நாற்காலிப் பக்கம் திரும்பினாள். டிரைவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒரு பக்கம் தொங்க, இரண்டு கையாலும் அவளைத் தடுத்தார்.

"பல்லு கிதக்கட்டும் டாக்தர்," என்றார். "அந்தப் பொண்ணு கீழ எதங்கி எங்க போதா? மொதல்ல அதைப் பதிங்க."