ஒரு கை இல்லாத நாற்காலிகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பஸ் ஓட்டுகிறவர் அல்லவா, ஊரெல்லாம் சொல்ல அவருக்கு வசதி. ஆனால் சுகாதார நிலையத்தின் மாடி அறைக்குப் போகும்போது மட்டும் கோபத்தைக் கீழ்ப்படியிலேயே விட்டுவிடுவேன். புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்குத் தாய்ப்பால் கொடுக்க உதவுவது என் வேலை. அழுதுகொண்டே படியேறி வருகிறவளிடம் நானும் எரிந்து விழுந்தால் அவள் எங்கே போவாள்? அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் நான் 'பாலக்கா'.

அந்த அறையின் நாற்காலிகளுக்கு ஒரு பக்கம் கை கிடையாது. நான்தான் தச்சரைக் கூப்பிட்டு அறுக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் கை இருந்தால் தாயின் முழங்கை இடிக்கும், தோள் தூக்கிக்கொள்ளும், பிள்ளை மார்பை விட்டு நழுவும். தச்சருக்கு மனசே வரவில்லை. "நல்ல நாற்காலிய எதுக்கும்மா கெடுக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் அறுத்தார்.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தாயின் பக்கத்தில் உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். பிள்ளையின் தலையைப் பிடித்து நானே வைத்துவிட்டால் நொடியில் வேலை முடிந்துவிடும். ஆனால் வீட்டுக்குப் போனால் அவளுக்கு என் கை கிடைக்காதே. அதனால் நான் வாயால் சொல்வேன், அவள் கைதான் செய்ய வேண்டும். வாய்க்கு என்னிடம் பஞ்சமில்லை.

ஒரு நாள் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். மனிதர் கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்கள் குனியச் சொன்னால் படுத்தே விடுவார், அவ்வளவுதான்.

"நிதிய நிறுத்திட்டாங்கம்மா. இந்த மாசத்தோட ரூமும் இல்ல, உங்க வேலையும் இல்ல. பதிலுக்கு ஒரு போன் நம்பர் குடுத்திருக்காங்க."

அவர் முன்னாலேயே அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். பதிவு செய்த குரல் ஒன்று, தேன் ஒழுக, ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்றது.

"பிள்ள வாயத் தொறக்கலன்னா எந்த நம்பர அழுத்தணும், சார்?"

அவர் மேசையைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கு சேவை மனசும்மா. சம்பளம் இல்லன்னாலும் நீங்க வராம இருக்க மாட்டீங்கன்னு மேலயும் சொல்லிட்டேன்."

வேலை போனதுகூட எனக்கு அப்படிச் சுடவில்லை. இதுதான் சுட்டது. பெண்கள் செய்கிற வேலைக்கு 'மனசு' என்று பெயர் வைத்துவிட்டால் சம்பளம் மிச்சம் பாருங்கள். அன்று எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் கழுவப்பட்டதைவிட உருண்டதுதான் அதிகம்.

"பாத்திரம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் கணவர்.

"ஓசியில இனிமே அந்தப் படியில கால் வைக்க மாட்டேன்" என்றேன். மறுநாளே ரொட்டிக் கடையில் அடுத்த மாதம் முதல் வேலை கேட்டு, வாங்கியும் விட்டேன்.

கடைசி நாளன்று தையல் கடையில் வேலை பார்க்கும் பெண் வந்தாள். ஏற்கெனவே சில முறை வந்தவள்தான். பிள்ளை மார்பில் சரியாகப் பற்றவில்லை, எடையும் ஏறவில்லை. அடுத்த முறை எடை பார்க்கும்போதும் ஏறியிருக்காவிட்டால் புட்டிப்பாலுக்கு மாறிவிடுங்கள் என்று அவள் வெளியே காட்டும் டாக்டர் சொல்லியிருந்தார்.

"இப்பவே மாத்திடலாம்னா கேக்க மாட்டேங்கறா" என்றாள் கூட வந்த அவளுடைய நாத்தனார். அவளும் தூங்கிப் பல நாள் ஆனது முகத்தில் தெரிந்தது.

"எனக்கு இது வேணும்க்கா" என்றாள் தையல்காரப் பெண். "இன்னும் ஒரே ஒரு தடவ பாத்துடறேன்."

புட்டிப்பால் கொடுக்கிறவளை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் வேண்டும் என்று கேட்கிறவளுக்கு அது கிடைக்க வேண்டும். அவளைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனால் அறையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். சாமான் எடுக்க வந்தவர் நாற்காலிகளைப் புரட்டிப் பார்த்து, "எல்லாம் கை ஒடைஞ்சு கெடக்கு, கழிச்சுக் கட்டு" என்று சொல்லி, மேலாளர் அறை வாசலில் அடுக்கி வைத்திருந்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதில் ஒன்றை இழுத்து அந்த வாசலிலேயே போட்டு அவளை உட்கார வைத்தேன். நான் தரையில் உட்கார்ந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பிள்ளை அழுத அழுகையில் கட்டிடமே கிடுகிடுத்தது. உள்ளே மேலாளர் யாரோடோ கூட்டத்தில் இருந்தார். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது? இங்கயா?"

"ரூம நீங்கதான் காலி பண்ணிட்டீங்க, சார்" என்று சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். "நீ அவர பாக்காத. பிள்ளையோட வயிறு உன் வயித்தோட ஒட்டட்டும். மூக்கு காம்புக்கு நேரா வரட்டும். அவசரப்படாத. வாயத் தொறக்கட்டும்."

"தொறந்துட்டான்க்கா!"

"இது கொட்டாவிக்குக்கூடப் பத்தாது. இன்னும் பெருசா தொறக்கட்டும். நீ குனியாத, அவன உன் பக்கம் கொண்டு வா."

அவள் பிள்ளையை மறுபடி சரித்துப் பிடித்தாள். என் கைகள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டன. நாத்தனார் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளை இன்னொரு முறை வீறிட வாயை அகலத் திறந்தான். அந்த நேரம் பார்த்து அவள் அணைத்தாள். முகவாய் முதலில் பட்டது, வாய் நிறையப் பற்றினான். தாடை அசைந்தது. பிறகு அவன் விழுங்குகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"வலிக்கலக்கா" என்றாள் அவள், நம்ப முடியாதவளாக. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் ஒவ்வொரு முறையும் நிறையத்தான் செய்கிறது.

மேலாளர் இன்னும் கதவருகில்தான் நின்றார். அவருக்கும் முகம் மலர்ந்திருந்தது. "பாத்தீங்களா? இதத்தான் சொன்னேன். உங்களால வராம இருக்க முடியாது."

நான் எழுந்து சேலையை உதறிக்கொண்டேன். கீழ்ப்படியில் விட்டிருந்த கோபம் ஏறி வந்துவிட்டது.

"இன்னைக்கு வரைக்கும் சம்பளம் உண்டு, வந்தேன். இனிமே சம்பளம் வந்தா நான் வருவேன். அது வரைக்கும் பிள்ளைங்க வருவாங்க."

"எங்க வருவாங்க?"

"இங்கதான். உங்க வாசலுக்கு. நாற்காலிங்கள உடைசல்னு கழிச்சுட்டீங்க இல்ல, அதையும் எடுத்துக்கறோம்."

அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார்.

எடை பார்க்கும் நாளன்று நான் ரொட்டிக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். என் கணவர் பஸ்ஸை நிலையத்தில் போட்டுவிட்டு வந்து கடை வாசலில் நின்று சிரித்தார்.

"என் பஸ்ஸுல இன்னைக்கு ஒரே கைக்குழந்தைங்க. உன் தையல்காரப் பொண்ணும் அவ நாத்தனாரும் நாற்காலியத் தூக்கிட்டு ஏறுனாங்க. டாக்டர்கிட்ட காட்டிட்டு வர்றாங்க, பிள்ளைக்கு எட ஏறிடுச்சாம், உன்கிட்ட சொல்லச் சொன்னா. வீட்டுக்குத்தானேம்மான்னு கேட்டேன். இல்லண்ணா, மேலாளர் வாசலுக்குன்னா."

எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அவருக்கு ஒரு ரொட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்புவதற்குள் போன் அடித்தது. மாவுக் கையோடு எடுத்தேன். எடுத்ததும் காதைப் பிளக்கும் அழுகைதான் கேட்டது. அதற்குள்ளிருந்து மேலாளர் கத்தினார்.

"அம்மா, ஒரு வேலையும் ஓடல. கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுமா?"

"சம்பளத்தோடவா, சம்பளம் இல்லாமயா?"

அந்த இரைச்சலுக்கு நடுவே தையல்காரப் பெண்ணின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. யாரோ ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "நீங்க குனியாதீங்க. அவள உங்க பக்கம் கொண்டு வாங்க. நான் கை வைக்க மாட்டேன், நீங்களே செய்வீங்க பாருங்க."

"மேல பேசறேம்மா" என்றார் மேலாளர் கடைசியில்.

"நல்லா பேசுங்க, சார். அவசரமில்ல, அவங்க இருப்பாங்க."

போனை வைக்கப் போனேன். அந்த அழுகைகளில் ஒன்று சட்டென்று நின்றது.